காலாவதியும் காலியும்



பள்ளியில் இரசாயனம் பயின்ற எவரும் ஒரு சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். பொட்டாசியம் குளோரேட்டு என்னும் வெண்ணிற உப்புடன் மாங்கனீஸ் டையாக்ஸைடைக் கலந்து, சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்குவோம். குமிழி குமிழியாகப் பிராணவாயு வெளிப்படும். அதனை ஒரு ஜாடியில் சேர்த்து, அணையுந் தறுவாயில் கனன்றுகொண்டிருக்கும் குச்சி ஒன்றை அதனுள் நுழைப்போம். குச்சி பளீரென்று பற்றி எரியும். 'பிராணவாயு தான் எரிவதில்லை. பிற பொருள்கள் எரிவதற்குத் துணை செய்யும்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். கல்லூரி ஆசிரியனாக நான் பணியாற்றிய முப்பது ஆண்டுகளிலும் இச்சோதனையை மாணவர்க்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

இன்று நான் சொல்லப் புகும் வரலாறு அந்த ஒரு வாக்கியத்தை மறந்ததனால் நேர்ந்த வரலாறு. 1996 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில் ஓர் ஆகாய விமானம் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 110 பேரும் மாண்டனர். போர் இல்லை; புயல் இல்லை; விமானி தவறு செய்தார் என்பதும் இல்லை. பயணிகளின் உயிரைக் காப்பதற்கென்றே அமைந்த ஒரு கருவி அவர்களுடைய உயிரைக் குடித்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் முன்னோர் சொல்வார்களே, அதுவே அங்கு நிகழ்ந்தது. வேலி ஏன் மேய்ந்தது என்பதை ஆராய்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் அந்தக் கருவியை அறிந்துகொள்வோம். பெரிய விமானங்கள் முப்பதாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பறக்கின்றன. அவ்வுயரத்தில் காற்று மிக மெல்லியது. மனிதன் சிறிது நேரத்திற்குள் நினைவிழந்துவிடுவான். ஆகவே விமானத்தினுள்ளே காற்றை அழுத்தி நிரப்பி வைக்கின்றனர். ஏதேனும் ஒரு காரணத்தால் அந்த அழுத்தம் குறைந்துவிடுமாயின், ஒவ்வோர் இருக்கைக்கும் எதிரே முகமூடி ஒன்று தானே வந்து தொங்கும். பயணி அதைப் பற்றி இழுத்து முகத்தில் பொருத்திக்கொண்டால் பிராணவாயு கிடைக்கும். விமானி தாழ்ந்த உயரத்திற்கு இறங்கும் வரையில் அது உயிரைத் தாங்கும்.

இந்தப் பிராணவாயு எங்கிருந்து வருகிறது? சில விமானங்களில் கனத்த உருளைகளில் அடைத்து வைத்திருப்பார்கள். வேறு பலவற்றில், கைக்கு அடக்கமான ஓர் உலோகக் கலம் இருக்கைக்கு அருகே மறைவாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரேட்டு. நம் சோதனைக் குழாயிலிட்ட உப்பின் உடன்பிறப்பு என்று அதனைச் சொல்லலாம். கலத்தின் ஒரு முனையில், துப்பாக்கித் தோட்டாவின் அடியில் இருப்பது போன்ற சிறிய வெடிமருந்துப் பொட்டு ஒன்று உண்டு. அதன்மேல் விற்சுருளால் இயங்கும் சுத்தி ஒன்று, ஊசியால் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். பயணி முகமூடியை இழுத்ததும், அதனோடு கட்டிய கயிறு ஊசியைப் பிடுங்கும். சுத்தி பொட்டின்மேல் அடிக்கும். உப்பு சிதைந்து பிராணவாயுவைச் சொரியத் தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் தீரும் வரையில் நிறுத்த இயலாது. அப்போது கலத்தின் மேற்புறம் ஏறக்குறைய 285 டிகிரி சென்டிகிரேடு வரையில் சூடேறக்கூடும். உரிய இடத்தில் உரிய தடுப்புக்களுடன் இருக்கும்பொழுது அந்தச் சூட்டினால் தீங்கில்லை. இடம் மாறினால் அதுவே கொள்ளி.

இதனை அறிந்துதான் அதனைச் செய்தவர்கள் ஒரு சிறு காப்பும் வைத்தனர். கலத்தை விமானத்திலிருந்து கழற்றினால், வெடிமருந்துப் பொட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பொருத்திவிட வேண்டும். பிறகு சுத்தி தவறி விழுந்தாலும் பொட்டின்மேல் படாது. விலையோ அற்பம், பொருத்துவதற்கு ஆகும் நேரமோ ஒரு நொடி. இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்யூஜெட் என்பது 1993 ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கிய நிறுவனம். குறைந்த கட்டணமே அதன் பெருமை. பழைய விமானங்களை வாங்கி, பழுது பார்க்கும் வேலைகளைப் பெரும்பாலும் வெளியாரிடம் ஒப்பந்தத்திற்கு விட்டு, அது விரைந்து வளர்ந்தது. 1996 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம்.டி. 80 வகையைச் சேர்ந்த மூன்று விமானங்களை வாங்கிற்று. அவற்றைச் செப்பனிடும் பொறுப்பு மயாமி நகரிலிருந்த சேபர்டெக் என்னும் பழுதுபார்ப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. குறித்த நாளில் வேலை முடியாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கூலியில் கழிவு செய்யப்படும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. ஆகவே பட்டறையில் அவசரம் மிகுந்திருந்தது.

பிராணவாயுக் கலங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயுள். மூன்று விமானங்களில் இரண்டில் இருந்த கலங்களிற் பெரும்பாலானவை அந்த ஆயுளைக் கடந்துவிட்டன. அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்தவேண்டும். அவ்வேலைக்கென்று வால்யூஜெட் நிறுவனம் ஒரு பணிச்சீட்டுக் கொடுத்திருந்தது. செலவழியாத கலம் எதுவாயினும் அதற்கு மூடி பொருத்துக என்று அச்சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. வேலை செய்த தொழிலாளி அதனைப் படித்தார். மூடி வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். ஆனால் பட்டறையில் மூடிகள் இல்லை. பழைய கலங்களுக்கு வாங்கித் தருவார் எவரும் இலர். புதிய கலங்களோடு வந்த மூடிகளைக் கழற்றிப் பழையவற்றுக்குப் பொருத்தவும் இல்லை. கயிற்றைக் கலத்தைச் சுற்றிக் கட்டியும், சிலவற்றில் கயிற்றை அறுத்தும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பிறகு பணிச்சீட்டில், வேலை முழுவதும் முறைப்படி முடிந்தது என்று கையெழுத்திட்டார்கள். மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டார்.

இவ்வாறு கழற்றப்பட்ட கலங்கள் ஏறக்குறைய 144. அவற்றுள் மிகச் சிலவே செலவழிந்தவை. ஏனையவை ஆயுள் கடந்தும் ஆற்றல் குறையாமல் இருந்தன.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் 'எக்ஸ்பயர்டு' என்றால் காலம் கடந்தது. 'எக்ஸ்பெண்டட்' என்றால் செலவழிந்து தீர்ந்தது. ஒலியில் இரண்டும் பங்காளிகள். தமிழிலும் அதே வேடிக்கை உண்டு. காலாவதி ஆயிற்று என்பது ஒன்று. காலி ஆயிற்று என்பது வேறொன்று. காலாவதியான மருந்துப் புட்டியில் மருந்து நிறைந்தே இருக்கலாம். காலாவதியான தோட்டா சுடலாம். காலாவதி என்ற சொல், அப்பொருளை நம்பியிருக்கலாகாது என்று மட்டுமே சொல்லுகிறது. அப்பொருளுக்கு அஞ்சவேண்டாம் என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாடு மயாமிப் பட்டறையில் கைமாறிக் கைமாறி அழிந்துபோனதை இனிக் காண்போம்.

பெட்டிகளிலிருந்த கலங்களுக்குப் பச்சை நிறச் சீட்டுக்கள் கட்டப்பட்டன. பழுது பார்த்துப் பயன்படுத்தத் தக்கது என்பது பச்சைச் சீட்டின் பொருள். கழிக்கத் தக்க பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டவேண்டும். அது கட்டப்படவில்லை. அபாயமான பொருள் என்று பெட்டியின்மேல் எழுதவும் இல்லை. பெட்டிகள் சில நாட்கள் சரக்குப் பகுதியின் ஒரு மூலையில் கிடந்தன. வேறொரு விமான நிறுவனத்தார் பட்டறையைப் பார்வையிட வர இருந்தார்கள். இடத்தைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துமாறு மேலிடத்து உத்தரவு பிறந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் கண்ணில் பட்டதை உள்ளறையில் திணிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு அல்லவா? சரக்குப் பகுதியின் குமாஸ்தா ஒருவர், உரியவர்களுக்கே அனுப்பிவிடுவோம் என்று எண்ணி, ஐந்து பெட்டிகளையும் அட்லாண்டாவிலுள்ள வால்யூஜெட் தலைமையிடத்திற்கு விலாசமிட்டார். பச்சைச் சீட்டைக் கண்டு, அவை ஒன்றுக்கும் உதவாத வெறுங்கலங்கள் என்றே அவர் கருதினார். அனுப்புச் சீட்டில் 'பிராணவாயுக் கலங்கள், காலி' என்னும் பொருள்பட எழுதுவித்தார்.

காலாவதி காலியாகிவிட்டது. அக்குமாஸ்தா பொய் எழுதவேண்டும் என்று எழுதவில்லை, அறியாமல் எழுதினார். அறிந்திருந்த தொழிலாளியோ மூடியைப் பொருத்தாமல் கையெழுத்திட்டுவிட்டு வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். அறிந்தவர் செய்யவில்லை, செய்தவர் அறியவில்லை. இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு துண்டுக் காகிதம். அதுவும் உண்மை பேசவில்லை.

மே 11 ஆம் நாள் சனிக்கிழமை. மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட இருந்த 592 ஆம் எண் விமானத்தில் அந்தப் பெட்டிகள் ஏற்றப்பட்டன. அபாயமான சரக்குக்களை ஏற்றும் அனுமதியே அந்த நிறுவனத்திற்கு இல்லை. ஆயினும் சீட்டில் 'காலி' என்று இருந்ததால் எவரும் ஐயுறவில்லை. முன்புறச் சரக்கறையில், விமானச் சக்கரங்களுக்கான ரப்பர் டயர்களுடன் பெட்டிகளை வைத்தார்கள். 105 பயணிகளும் 5 பணியாளர்களும் ஏறினார்கள். பிற்பகல் 2 மணி 4 நிமிட அளவில் விமானம் தரையை விட்டு எழுந்தது.

சரக்கறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்ட அறை. உள்ளே தீப் பிடித்தால் காற்றிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்து தீ தானே மூச்சு முட்டி அவிந்துவிடும் என்பது அதனை அமைத்தவர்களின் கணக்கு. ஆகவே அதில் புகையைக் கண்டு எச்சரிக்கும் கருவியும் இல்லை. தீயணைக்கும் கருவியும் இல்லை. கணக்கு ஒருவகையில் சரியானதே. ஆனால் தன் மூச்சைத் தானே கொண்டுவரும் தீ ஒன்று உண்டு என்பதை அந்தக் கணக்கு எண்ணிப் பார்க்கவில்லை. மூடியில்லாத ஏதோ ஒரு கலத்தின் சுத்தி, பெட்டியின் அசைவினால் பொட்டின்மேல் விழுந்தது. கலம் சூடேறிற்று; அட்டையும் உறையும் பற்றின; டயர்களும் பற்றின. அடுத்தடுத்த கலங்கள் தூண்டப்பட்டு, எரிகின்ற தீக்குப் பிராணவாயுவை வாரி வழங்கின. கனலும் குச்சியை ஜாடிக்குள் நுழைத்த கதைதான். பின்னர் ஆராய்ச்சியாளர் இதே போன்ற பெட்டிகளை வைத்துச் சோதித்தபோது, பத்து நிமிட அளவில் வெப்பம் ஆயிரம் டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிற்று.

புறப்பட்டு ஆறு நிமிடங்கள் ஆயின. விமானம் பதினாயிரம் அடிக்கு மேல் ஏறியிருந்தது. விமானிகள் ஏதோ ஓசை கேட்டனர். மின்சாரக் கோளாறு என்று முதலில் எண்ணினர். சில நொடிகளுள் பின்னாலிருந்து தீ, தீ என்ற கூக்குரல் எழுந்தது. உடனே மயாமிக்குத் திரும்ப முயன்றனர். ஆனால் தீ அவர்களுடைய காலடியிலேயே இருந்தது. 2 மணி 13 நிமிட அளவில் விமானம் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்தில் தலைகுப்புற வீழ்ந்தது. புல்லும் சேறும் நீரும் நிறைந்த அவ்விடத்தில் உடல்களைத் தேடி எடுப்பதே பெரும் பாடாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின்பு அச்சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மாண்டவர்க்கு ஒன்றாக 110 கான்கிரீட் தூண்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து, 1997 ஆகஸ்டில் தன் முடிவை வெளியிட்டது. அது பழியை ஒருவர் தலையில் சுமத்தவில்லை. கலங்களை முறைப்படி பக்குவம் செய்து பெயரிட்டு அனுப்பத் தவறிய சேபர்டெக். ஒப்பந்தக்காரரின் வேலையை மேற்பார்வை செய்யத் தவறிய வால்யூஜெட். சரக்கறைகளில் புகை எச்சரிக்கையும் தீயணைப்பும் வைக்கவேண்டும் என்று கட்டளையிடத் தவறிய அரசாங்க விமானத்துறை ஆகிய மூவரையும் அது சுட்டிக் காட்டிற்று.

மூன்றாவது குற்றச்சாட்டு நம் சிந்தனைக்கு உரியது. எச்சரிக்கை முன்பே இரண்டு முறை வந்திருந்தது. 1986 ஆம் ஆண்டில் சிக்காகோ விமான நிலையத்தில், சரக்கறையிலிருந்த இத்தகைய கலம் ஒன்று தூண்டப்பட்டு, நின்றுகொண்டிருந்த பெரிய விமானம் ஒன்றையே எரித்தது. 1988 ஆம் ஆண்டில் நாஷ்வில் நகருக்குச் சென்ற விமானத்தின் சரக்கறையில், முறையின்றி அனுப்பிய இரசாயனப் பொருளால் தீப் பிடித்தது. பயணிகளின் காலடித் தளம் சூடேறிற்று. தெய்வாதீனமாக விமானம் தரையிறங்கித் தப்பியது. அப்போதே பாதுகாப்பு வாரியம் சரக்கறைகளில் எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவு மிகுதி, பலன் சிறிது என்று விமானத்துறை அதனை ஏற்கவில்லை. 110 உயிர் போன பிறகு கணக்கு மாறிற்று. பயணி விமானங்களில் இக்கலங்களைச் சரக்காக ஏற்றுவது 1996 மே மாதத்திலேயே தடை செய்யப்பட்டது. சரக்கறைகளை மாற்றி அமைக்குமாறு 1998 இல் விதி பிறந்தது. 2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது முற்றும் நடைமுறைக்கு வந்தது.

வழக்கும் நடந்தது. விமான விபத்துக்காகப் பழுதுபார்க்கும் நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது அந்நாட்டில் புதிய செய்தி. 1999 இல் ஜூரிகள் நிறுவனத்தைப் பல குற்றங்களுக்கு உரியது என்றும், உடன் நின்ற ஊழியர் இருவரைக் குற்றமற்றவர் என்றும் தீர்த்தனர். 2001 இல் மேல்நீதிமன்றம் பலவற்றைத் தள்ளி, ஊழியர்க்குத் தக்க பயிற்சி அளிக்கத் தவறியது என்ற ஒன்றை மட்டும் நிலைநிறுத்திற்று. சட்டம் தன்னால் இயன்ற அளவு அளந்து பார்த்தது. அதற்கு மேல் அளக்கவேண்டியது மனச்சாட்சியின் வேலை.

மாணவ அன்பர்களே, அந்தத் தொழிலாளியைத் தூற்றுவது எளிது. நானும் இவ்வரலாற்றை முதன்முதலிற் படித்தபோது தூற்றத்தான் செய்தேன். பிறகு என் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வந்து என் வாயை அடைத்தது.

எங்கள் இரசாயனச் சாலையின் சுவரில் தீயணைக்கும் கருவி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஓர் அட்டை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கருவியை இறக்கிப் பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திடவேண்டும். பொறுப்பு என்னுடையது. முதல் ஆண்டு இறக்கிப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு அண்ணாந்து பார்த்தேன். அதன் பிறகு அட்டையை மேசைக்கு வரவழைத்துக் கையெழுத்திட்டேன். ஒருநாள் மாணவன் ஒருவன் ஸ்பிரிட் விளக்கைத் தட்டிவிட, மேசை பற்றிக்கொண்டது. கருவியை ஓடிச் சென்று எடுத்தேன். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. குழாயின் வாயைக் குளவி மண்ணால் பூசி அடைத்திருந்தது. சாலைப் பணியாளர் நனைத்த கோணியை வீசித் தீயை அவித்தார். அவர் கையில் ஒரு தழும்பு நெடுநாள் இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை நான் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகாக இருந்தது.

எங்கள் தீ ஒரு மேசையோடு நின்றது. அவர்களுடைய தீ 110 பேரை விழுங்கிற்று. அளவில் வேறுபாடு உண்டு. குற்றத்தின் தன்மையில் நான் வேறுபாடு காணவில்லை. ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருக்கும் கருவிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. மற்றக் கருவிகள் பழுதானால் மறுநாளே நமக்குத் தெரிந்துவிடும். எழுதுகோல் மை கசிந்தால் விரல் சொல்லும்; மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கினால் கால் சொல்லும். ஆபத்துக் கருவியோ ஆண்டுக்கணக்கில் வாய் திறவாது. அதற்காகப் பேசுவது அதன்மேல் உள்ள சீட்டு ஒன்றுதான். அந்தச் சீட்டில் எழுதும் கை பொய் சொன்னால், உண்மை சொல்ல வேறு யாரும் இல்லை.

உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் மருத்துவர், சிலர் குமாஸ்தாக்கள், சிலர் என்னைப் போல் ஆசிரியர். எத்தொழில் புரிந்தாலும், மூடி இல்லாத ஒரு நாள் உங்களுக்கும் வரும். மேலதிகாரி அவசரப்படுத்துவார், பார்வையாளர் வாயிலில் நிற்பார், நேரமோ போதாது. அன்று 'மூடி இல்லை. ஆகவே பொருத்தவில்லை' என்று சீட்டில் எழுதிவிடுங்கள். அதனால் ஒரு கடிந்துரை கிடைக்கலாம். ஆனால் சீட்டு உண்மை பேசும். அதைப் படிக்கும் முன்பின் அறியாத ஒரு குமாஸ்தா பெட்டியை விலக்கி வைப்பார். விமானம் பத்திரமாக அட்லாண்டா போய்ச் சேரும்.